நீங்களே சொல்லுங்க

கூட்டத்துக்கு வந்தவர்கள் இவர்கள். ஆலை மேனேஜர். அவருக்கு இடது பக்கம் பர்சனல் ஆபீசர். திருச்சியிலிருந்து இரண்டு காலேஜ் வாத்தியார்கள். மெட்ராசிலிருந்து சாரின் பழைய மாணவர் ஒருவர்; அவருக்கே தலை நரைத்திருந்தது. யூனியன் செயலாளர். மைக் செட்டுக்காரர். டீ ஊற்ற கேன்டீன் பக்கிரி. சாரின் மனைவி. மாலை போட்ட படத்துக்குள் சார். தொழிலாளிகள் சார்பில் நான்.

சாருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. ஆலையின் மனமகிழ் மன்றத்தில் படத் திறப்பு. படத்தைச் சுவரில் மாட்டுவது என்று முடிவு. எவ்வளவு பெரிய படம் மாட்டலாம் என்று மேனேஜர் அந்த அம்மாவைக் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா."

அந்த அம்மா படத்தைப் பார்க்கவில்லை. "சின்னதா போதுங்க" என்றார்.

வாத்தியார்கள் பேசினார்கள். ஆலைகளுக்குள் மனோதத்துவத்தைக் கொண்டு வந்தவர் என்றார்கள். இங்கிருந்து போன பிறகு சர்க்கரை ஆலை கூப்பிட்டது, நூற்பு ஆலை கூப்பிட்டது, பஸ் கம்பெனி கூப்பிட்டது என்றார்கள். அவர் போன இடத்தில் ஒரு நாள் கூட ஸ்டிரைக் நடந்ததில்லை என்றார்கள். தொழில் உளவியல் என்று ஒரு சொல் சொன்னார்கள். எங்களுக்கு அது அப்போது வாயில் நுழையவில்லை. மனசு சார் என்றுதான் கூப்பிட்டோம்.

என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன்.

"நல்லா பேசுவாரு. மெதுவா பேசுவாரு. யாரையும் வாடா போடான்னு சொன்னதில்ல."

உட்கார்ந்துவிட்டேன். கை தட்டினார்கள். நான் சொன்ன மூன்றும் உண்மை. மிச்சம் இது.

ஆலை அரியலூர்ப் பக்கம். பெயர் வேண்டாம். எழுபதுகளின் கடைசி. நாங்கள் லோடிங் ஆட்கள். சிமெண்ட் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய் ரயில் வேகனில் அடுக்குவது வேலை. கேங்குக்கு எட்டுப் பேர். அந்த வருஷம் பெல்ட் வந்தது. பாதி தூரம் மூட்டை தானாகப் போகும். இனி கேங்குக்கு ஏழு பேர் போதும் என்று ஆபீசில் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கேங்கிலும் ஒருவன் வெளியே போக வேண்டும்.

எவன் போவது? மேனேஜர் கை காட்டினால் யூனியன் கொடி பிடிக்கும். யூனியன் கை காட்டினால் யூனியன் உடையும். இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்குத்தான் சாரைக் கூட்டி வந்தார்கள்.

அவரும் யாரையும் கை காட்டவில்லை. அவர் விரல் நீட்டி நான் பார்த்ததே இல்லை.

வந்த அன்றைக்குத் திருச்சி பாசஞ்சரில் இறங்கினார். ஆலை ஜீப் நின்றது. அதில் பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறினார். கெஸ்ட் ஹவுஸ் வாசலில் இறங்கி வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

"சாமி பாத்துக் குடுங்க" என்றான் வண்டிக்காரன்.

"நான் வெளியூரு. எனக்கு என்ன தெரியும். நீங்களே சொல்லுங்க. எது நியாயமோ அதைச் சொல்லுங்க."

நியாயம் என்ற சொல்லைக் கேட்டு வண்டிக்காரன் திணறினான். வழக்கமாகக் கேட்பதில் பாதியைச் சொன்னான். சார் அதைக் கொடுத்து, கும்பிட்டு, உள்ளே போனார். வண்டிக்காரன் கொஞ்ச நேரம் குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, கம்மியா கேட்டுட்ட?" என்றான் வாட்ச்மேன்.

"தெரியலண்ணே. அந்தாளு மூஞ்சியப் பாத்தா வாயில வரல."

ஆலையில் அவருக்கு ஒரு அறை கொடுத்தார்கள். முதல் வேலையாகத் தச்சு ஆசாரியைக் கூப்பிட்டு நாற்காலியின் காலை அறுக்கச் சொன்னார். நாலு விரல்.

"எதிர்ல உக்கார்றவங்க சேரையா சார்?"

"என்னுடையதை."

ஆசாரி இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் அறுத்தார். அதன் பிறகு அந்த அறைக்குள் போனவன் எவனும் சாருக்கு மேலேதான் உட்கார்ந்தான். சட்டையில் சிமெண்ட், காலில் செருப்பில்லை, ஆனால் உயரத்தில் இருப்பான். சார் கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பார். பேசத் தொடங்கும் முன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். வெந்நீர் மட்டும் குடிப்பார். நமக்கு டீ வரும். உயரத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தால் மனிதன் என்னவெல்லாம் பேசுவான் என்று அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் எல்லோர் வீட்டுக் கதையும் அவருக்குத் தெரியும். என் மனைவி பெயர் மேனேஜருக்குத் தெரியாது. சாருக்குத் தெரியும். என் மூத்த மகளுக்கு அம்மை போட்டு இறங்கியதும், தலைக்குத் தண்ணி ஊற்றியாச்சா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் அவரை மதித்தேன். இப்போதும் அது முழுதாகப் போய்விடவில்லை.

மருதமுத்து என்று ஒரு பேக்கர் இருந்தான், சாக்கில் சிமெண்ட் பிடிக்கிறவன். குடித்துவிட்டு வேலைக்கு வந்து மாட்டினான். பழைய முறை என்றால் போர்மேன் நாலு கெட்ட வார்த்தை சொல்லி ஒரு நாள் சம்பளத்தை வெட்டுவார். அவன் போர்மேனை முதுகுக்குப் பின்னால் திட்டுவான். கணக்கு நேர். இந்தத் தடவை சாரிடம் அனுப்பினார்கள்.

சார் டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? நீங்களே சொல்லுங்க" என்றார்.

மருதமுத்து அழுதான். "ஒரு வாரம் நிறுத்தி வைங்க சார்" என்றான்.

அப்படியே செய்தார்கள். அவனே கேட்டுக்கொண்டான் என்று ஆபீசில் எழுதி வைத்தார்கள். வெளியே வரும்போது சார் அவன் தோளைத் தொட்டு, "நானா இருந்தா ஒரு நாள்தான் போட்டிருப்பேன்" என்றார்.

அவன் யாரைத் திட்டுவான்? ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டான். அதன் பிறகு அவன் குடித்தது இரண்டு மடங்கு. ஆனால் வேலை நேரத்தில் குடிக்கவில்லை. அதை வெற்றி என்று சொன்னார்கள். கூட்டத்தில் ஒரு வாத்தியார் பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். குவார்ட்டர்சில் பின்கட்டுத் தரை பெயர்ந்துவிட்டது. பூச்சு வேலைக்கு நானும் இன்னொருவனும் போனோம். மத்தியானம் சாப்பாடு அங்கேயே. எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சார் சாப்பிட்டார். எந்த ஆபீசரும் அப்படிச் சாப்பிட்டதில்லை. சாம்பாரில் உப்பு ஒரு கை கூட. நாங்கள் குனிந்து சாப்பிட்டோம். அந்த அம்மா கரண்டியோடு நின்றார்.

சார் நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு சாம்பாருக்குப் பத்துக்கு எத்தனை மார்க்? நீயே சொல்லு."

"வேணாங்க. ஆளுங்க இருக்காங்க."

"அவங்க நம்ம ஆளுங்கதான். சும்மா சொல்லு."

அந்த அம்மா சோற்றுக் குண்டானைப் பார்த்தார். "மூணு" என்றார்.

"நான் அஞ்சு போட்டிருப்பேன்" என்று சார் சிரித்தார். இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார்.

அவர் கத்தியிருந்தால் நாங்கள் அந்த அம்மாவுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்போம். அவர் கத்தவில்லை. நாங்கள் கை கழுவிக்கொண்டு கலவை குழைக்கப் போனோம்.

சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு ஆள் வெடிக்குச் செத்தான். அவன் பெண்டாட்டி கைப்பிள்ளையோடு ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் உறவுக்காரர்கள் பத்துப் பேர் சத்தம் போட்டார்கள். சார் வெளியே வந்தார். உடுப்பு அழுக்காகுமே என்று பார்க்காமல் அந்த மண்ணில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவளை விடக் கொஞ்சம் பள்ளத்தில். செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் தானாக அடங்கியது.

"உங்க வீட்டுக்காரரு எப்படிப்பட்டவரும்மா? நீங்களே சொல்லுங்க."

"நல்லவருங்க. எறும்புக்குக் கூடத் தீம்பு நெனைக்காதுங்க."

"வேலையில?"

"வேலைன்னா பறக்கும்ங்க. கொஞ்சம் அவசரக்காரரு. சாப்புடறதும் அவசரம், நடக்கறதும் அவசரம்."

அவள் அதைச் செல்லமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது அழுகைக்கு நடுவே முகத்தில் ஒரு சிரிப்பு கூட வந்து போனது. சாவுக்குக் காரணம் என்று கம்பெனி எழுதிய காகிதத்தில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அவசரம். இறந்தவரின் மனைவியே சொன்னது. அதற்கு மேல் உறவுக்காரர்களால் ஒன்றும் பேச முடியவில்லை. கேட்ட நஷ்டஈட்டில் கால்வாசி கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

அவள் போகும்போது சாரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். "நீங்க ஒருத்தருதான் உக்காந்து கேட்டீங்க" என்றாள்.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "ஏன் சார், எல்லாத்தையும் எங்க வாயாலயே சொல்ல வைக்கிறீங்க?"

"தராசு மட்டும்தான் என்னுது. கல்லும் சரக்கும் நீங்க கொண்டு வர்றது" என்றார். அதை அவர் நம்பினார். நம்பாமல் சொன்னவர் என்றால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மெட்ராஸ் மாணவர் என்னிடம் வந்தார். லோடிங் கேங்கில் உட்கார்ந்த பங்கு என்று ஒரு பழக்கம் உண்டாமே, சார் அதைப் பற்றி இங்கிலீஷில் எழுதியிருக்கிறார், தான் அதை வகுப்பில் பாடமாக எடுப்பதாகச் சொன்னார்.

"இப்பவும் இருக்குங்களா அது?"

"இல்லைங்க."

"ஏன்?"

"பெல்ட் வந்துடுச்சுங்க."

அவர் தலையை ஆட்டினார். குறித்துக்கொண்டார்.

உட்கார்ந்த பங்கு என்பது இது. கூலி ஆளுக்கு இல்லை, வேகனுக்கு. ஏற்றி முடித்தால் எட்டாகப் பிரிப்போம். மூட்டை தூக்குகிறவன் உடம்பு எப்போது விழும் என்று சொல்ல முடியாது. விழுந்தவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். அவன் வேகன் வாசலில் உட்கார்ந்து, பிரிந்த சாக்கு வாயைச் சணல் ஊசியால் தைப்பான். அவன் சுமையை மற்ற ஏழு பேர் சுமப்போம். பங்கு மட்டும் சமம். ஆபீசில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு எட்டுத் தலை இருந்தால் சரி. இன்றைக்கு நீ உட்கார்ந்தால் நாளைக்கு நான் உட்காருவேன். இதை யாரும் பேசி வைத்ததில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

முந்தின வருஷம் உட்கார்ந்தவன் நான். முதுகு பிடித்துக்கொண்டது. நாலு மாசம் குனிய முடியவில்லை. என் சுமையில் பெரும்பங்கு தங்கராசு அண்ணன் தூக்கினார். வாலிகண்டபுரத்துக்காரர். என்னை விடப் பத்து வயது மூத்தவர். "உன்னுது எனக்கு, தம்பி. நீ குந்து" என்பார். இரண்டு மூட்டையை ஒன்றாக ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார். எனக்குச் சிரிப்புக் காட்ட.

அடுத்த வருஷம் அவர் உட்கார்ந்தார். நெஞ்சு. இருமினால் நிற்காது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் தூசியில் போகாதே என்றார்கள். தூசி இல்லாத வேலை எங்கே இருக்கிறது? மூன்று பெண் பிள்ளைகள். நிலம் ஒரு குழி கிடையாது. பெண்டாட்டி களை எடுக்கப் போய்க் கொண்டு வருவது அரிசிக்குப் பற்றாது. இந்தப் பங்கு நின்றால் அந்த வீட்டில் அடுப்பு நிற்கும். அது கேங்கில் எல்லோருக்கும் தெரியும்.

சார் அதைக் கண்டுபிடித்தது இப்படி. ஒரு மத்தியானம் வேகன் வாசலுக்கு வந்து தங்கராசு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"இந்த ஊசி கையைக் குத்தாதுங்களா? குடுங்க, நானும் தைக்கிறேன்."

ஒரு சாக்கைக் கோணலாகத் தைத்தார். தங்கராசு அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆபீசரு தையலு சிமெண்டு தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்த பங்கைப் பற்றி முழுவதையும் சொல்லிவிட்டார். பெருமையாகத்தான். எங்களில் யார் யார் எந்த வருஷம் உட்கார்ந்தோம் என்பது வரை.

சாருக்குக் கண் கலங்கியது. நானே பார்த்தேன். "இந்த மாதிரி ஒரு பழக்கத்தை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல" என்றார்.

மேனேஜரிடம் அவர் சொல்லவில்லை. அதுவும் உண்மை. சொல்ல வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

பிறகு டப்பா வந்தது. பால்பவுடர் டப்பாக்கள் எட்டு. மூடியில் நீளமாக ஒரு கீறல். ஒவ்வொரு டப்பாவின் முன்னாலும் ஒருவனுடைய கேட் வில்லை, நம்பர் போட்ட பித்தளை. மறைவுக்குத் துணி. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுப்பார். மறைப்புக்குள் ஒவ்வொருவனாகப் போக வேண்டும். எவன் இல்லாவிட்டாலும் கேங்கு நடக்கும் என்று நினைக்கிறாயோ அவன் டப்பாவில் போட வேண்டும். எவனுக்கு அதிகமோ அவன் வெளியே.

"ஏன் சார், பேப்பர்ல எழுதச் சொல்லலாமே?" என்றார் எங்கள் மேஸ்திரி ரெங்கசாமி.

"எழுதினா கையெழுத்து காட்டிக் குடுத்துடும். கொட்டைக்குக் கையெழுத்து இல்லைங்களே."

எங்களுக்கு முன்னால் இரண்டு கேங்கு போட்டு முடித்தது. முதல் கேங்கில் மச்சானும் மச்சானும் இருந்தார்கள். ஒருவன் போனான். அந்த இரண்டு குடும்பமும் இன்று வரை நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. இரண்டாவது கேங்கில் வெளியே போனவனுக்கு மாலை போட்டு ஸ்டேஷன் வரை கொண்டு விட்டார்கள். போட்டவர்களே மாலை வாங்கினார்கள். ஆலை கேட்டில் ஒரு சத்தம் இல்லை, ஒரு கொடி இல்லை. யார் மேல் கொடி பிடிப்பது?

மூன்றாவது நாங்கள். மேஸ்திரி ரெங்கசாமி கெட்டிக்காரர். முன்கூட்டியே கேட்டார்.

"எல்லா டப்பாவுலயும் சமமா விழுந்துட்டா என்னங்க சார் பண்ணுவீங்க?"

"அப்ப உங்க கேங்குல வேண்டாத ஆளே இல்லைன்னு அர்த்தம். எட்டுப் பேரும் இருக்கட்டும்னு நானே எழுதிக் குடுக்குறேன். இந்தக் கேங்கைத் தொட விடமாட்டேன்."

"நெசமாவா சார்?"

"சொன்ன சொல்லு மாறியிருக்கேனா? நீங்களே சொல்லுங்க."

மாறியதில்லை.

ஷிப்டு முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். எட்டுப் பேரும்.

மேஸ்திரி சொன்னார். "அவனவன் கொட்டை அவனவன் டப்பாவுல. தலைக்கு ஒண்ணு. எட்டும் சமம். கத முடிஞ்சுது. படிச்ச மனுசன் பாவம், அவரே வழி சொல்லிக் குடுத்துட்டாரு."

லப்பைக்குடிக்காட்டுக் காதர் எங்கள் கேங்குதான். சவூதிக்கு விசா வரும் என்று காத்துக்கொண்டிருந்தான். "எனக்கு விசா வந்தா நானே போயிடப் போறேன். அது வரைக்கும் அல்லா பேருல சொல்றேன், என் கொட்டை என் டப்பாவுலதான்."

"ஒன் விசா வருதுன்னு சொல்லி மூணு நோம்பு போயிடுச்சு பாய். நீ ஏற வேண்டிய ஒட்டகமே செத்துருக்கும்" என்றார் தங்கராசு அண்ணன். சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு இருமி முடித்தார். நாங்கள் அவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தோம்.

முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்தார். "எனக்கு நானே போட்டுக்கணுமா? நம்பர் தெரியாம மேஸ்திரி டப்பாவுல போட்டுட்டா?"

"போட்டுப் பாரு. வூட்டுக்கு வந்து ஒதைப்பேன்" என்றார் மேஸ்திரி.

ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துச் சொன்னோம். மூட்டை ஏறுகிற தோள். எங்கள் ஆட்கள் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்வார்கள். தோள் மேல் செய்ய மாட்டார்கள்.

மறு நாள் காலை சார் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டார். நான் நாலாவது ஆள். உயரத்தில் உட்கார்ந்தேன். டீ வந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"மகளுக்கு அம்மைத் தழும்பு மறைஞ்சுதுங்களா?"

"மறைஞ்சுக்கிட்டு வருதுங்க."

"எல்லாரும் அவங்கவங்க டப்பாவுலயே போட்டுக்கறதாப் பேசி வச்சிருப்பீங்க."

நான் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லதுதாங்க. நானும் அப்படித்தான் நடக்கணும்னு வேண்டிக்கிறேன். ஒருத்தரு மட்டும் என்கிட்ட வேற மாதிரி சொன்னாரு. உங்க பேரைத்தான் சொன்னாரு."

"யாருங்க?"

"அதைச் சொன்னா நான் மனுசன் இல்லைங்க." கொஞ்ச நேரம் வெந்நீரை ஊதினார். "உங்க முதுகு இப்ப எப்படி இருக்கு?"

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

பல வருஷம் கழித்து மேஸ்திரி சொன்னார். "என்கிட்டயும் அதேதான்டா. ஒருத்தரு உங்க பேரச் சொன்னாருன்னாரு. முதுகுக்குப் பதிலா முட்டியக் கேட்டாரு."

அன்று காலை சார் அறைக்குள் முதலில் போனவர் மேஸ்திரி. அவருக்கு முன்னால் யாரும் போகவில்லை. சார் சொன்ன அந்த ஒருத்தர் யார் என்று இன்று வரை தெரியவில்லை. இருந்தாரா என்றும் தெரியவில்லை. காதரிடம் விசா வராமலே போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். ஆளுக்கு ஒரு கேள்வி. எங்கே வலிக்கும் என்று நாங்களே அவருக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

தங்கராசு அண்ணன் கடைசியாகப் போனார். அவரிடம் நெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை. யாரோ பெயர் சொன்னதாகவும் சொல்லவில்லை. மூன்று பெண் பிள்ளைகளின் பெயரை மட்டும் வரிசையாகச் சொல்லிக் காட்டினாராம். "பெத்த எனக்கே கொழப்பம் வரும். மனுசன் ஒண்ணு விடாம சொல்றாரு" என்று முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

அவர் வருவதற்காக வராண்டாவில் காத்திருந்தோம். ஏழு பேரும் தள்ளித் தள்ளி நின்றோம். எப்போதும் பீடி ஒன்று பற்ற வைத்தால் நாலு வாய்க்குப் போகும். அன்றைக்கு அவனவன் பீடியை அவனவன் குடித்தான்.

இதற்குப் பிறகு சார் எங்கள் ஆலையில் இரண்டு வருஷம் இருந்தார். அவர் போன பிறகும் அந்த நாற்காலி போகவில்லை. பர்சனல் ஆபீசர் அதில் உட்காருகிறார். போர்மேன் கத்துவதை விட்டுவிட்டார். "நீங்களே சொல்லுங்க" என்கிறார். என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். "நாங்க ஒண்ணும் கேக்கலங்க. உங்க பொண்ணு, நீங்களே பாத்துச் செய்யுங்க." நானே என்னால் முடியாத அளவு சொன்னேன். சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். வெந்நீர் குடிக்கிறாரா என்று பார்த்தேன். காப்பிதான் குடித்தார்.

காதருக்கு, கொட்டை போட்ட மறு மாதம் விசா வந்தது. பம்பாய்க்கு ரயில் ஏறினான். ஒரு மாதம் பொறுத்திருந்தால் எங்கள் கேங்கு தானாகவே ஏழு ஆகியிருக்கும்.

சார் தனித்தனியாகக் கூப்பிட்ட அன்றே மத்தியானம் போட்டோம். துணி மறைப்புக்குள் ஒவ்வொருவராகப் போய் வந்தோம். உள்ளே போனவன் நின்ற நேரம் குறைவு. கொட்டை விழும் சத்தம் வெளியே கேட்டது. தங்கராசு அண்ணன் மட்டும் கொஞ்சம் தாமதித்தார். தன் வில்லையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். "சரியாத்தான் போட்டேன் மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சார் துணியை எடுத்தார். எட்டு டப்பாவும் வரிசையாக இருந்தன. அவர் ஒன்றையும் தொடவில்லை.

"நான் எண்ணினா நான் ஏதோ பண்ணிட்டேன்னு ஆயிடும். அவங்கவங்க டப்பாவை அவங்கவங்களே எண்ணுங்க. முதல்ல யாரு?"

 மேஸ்திரி துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். காதர் தரையைப் பார்த்தான்.

தங்கராசு அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னாங்கடா, பொண்ணு பாக்க வந்தவனுவ மாதிரி நிக்கிறீங்க. தலைக்கு ஒண்ணு, எண்றதுக்கு என்னா? நான் எண்றேன் சார்."

தன் டப்பாவைத் தூக்கினார். சுமை பழகிய கை. எடையிலேயே தெரிந்திருக்கும். சிரிப்பு போகவில்லை, ஆனால் அப்படியே நின்றுவிட்டது. மூடியைத் திறந்து மேசை மேல் கவிழ்த்தார்.

சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மெதுவா எண்ணுங்க. அவசரம் இல்ல. நீங்களே சொல்லுங்க."

மூட்டை எண்ணும்போது நாங்கள் ஒன்று என்று தொடங்க மாட்டோம். முதல் மூட்டைக்கு லாபம் என்று சொல்வோம். அவருக்கு வேறு மாதிரி எண்ணத் தெரியாது. ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். தள்ளும் போது கொட்டையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் எங்களில் ஒருவன் முகத்தைப் பார்த்தார்.

"லாபம். ரெண்டு. மூணு."

நாலுக்கு என்னைப் பார்த்தார். அஞ்சு, ஆறு, ஏழு.

கடைசிக் கொட்டையை மட்டும் குனிந்து பார்த்தார். அது அவர் போட்டது.

"எட்டு."